எங்கள் ஊர் லயன்ஸ் சங்கம்: கண் முகாமுக்கு முழு மார்க், தையல் மெஷினுக்கு முட்டை

விருதுநகர் மாவட்டத்தில் தீப்பெட்டி ஆபீஸும் பட்டாசு வேலையும் கொஞ்சம் பருத்திக் காடுமாக இருக்கிற சின்ன ஊர் எங்களுடையது. ஊர்ப் பேரைச் சொன்னால் சங்கத்தில் யார் யார் என்று எல்லோருக்கும் தெரிந்துவிடும், அதனால் சொல்லவில்லை. பஜாரில் தையல் கடை வைத்திருக்கிறேன். என் கடைக் கண்ணாடியில் லயன்ஸ் சங்கத்து நோட்டீஸ் ஒட்டாத மாதமே கிடையாது. பாதி நோட்டீஸில் ஜனங்களுக்கு என்ன செய்தி என்று தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். மாவட்ட ஆளுநர், வட்டாரத் தலைவர், பட்டயத் தலைவர் என்று லயன்ஸ் பதவிக்காரர்கள் கோட் போட்ட படங்கள்தான் முக்கால் இடத்தைப் பிடித்திருக்கும். பிரியாணிக் கடைக்கும் மிக்ஸிக்கும் ஆளாளுக்கு விமர்சனம் எழுதுகிறார்கள். நம் பேரைச் சொல்லி நடக்கிற சேவைக்கு அந்தச் சேவையை வாங்கிக்கொண்டவர்கள் யாரும் எழுதுவதில்லை. இலவசமாகக் கிடைத்ததைக் குறை சொல்லலாமா என்று ஒரு தயக்கம். எனக்கு அந்தத் தயக்கம் இல்லை, ஏனென்றால் அவர்கள் நன்றாகச் செய்வதையும் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன்.

முதலில் கண் முகாம். மாதத்தின் மூன்றாவது ஞாயிறு, ஆண்கள் மேல்நிலைப்பள்ளியில் நடக்கும். மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை, மாவட்டப் பார்வை இழப்புத் தடுப்புச் சங்கம், லயன்ஸ் மூன்றும் சேர்ந்து நடத்துவது. இதில் யாருக்கு என்ன வேலை என்பது பலருக்குத் தெரியாது. லயன்ஸ்காரர்கள் காசு போட்டு கண்புரை ஆபரேஷன் செய்கிறார்கள் என்றுதான் ஊரில் நினைப்பு. அப்படி இல்லை. டாக்டர், மெஷின், மருந்து, உள்ளே வைக்கிற லென்ஸ் எல்லாம் ஆஸ்பத்திரி பொறுப்பு. அதற்கு அரசாங்க மானியம் கொஞ்சம் வரும். காசு கட்டி வைத்தியம் பார்க்கிறவர்களிடமிருந்து வருகிற வருமானத்தில் மீதி ஓடும். சங்கத்தின் பங்கு ஆள் திரட்டுவது. நோட்டீஸ் அடிப்பது, மைக் கட்டிய ஆட்டோவைத் தெருத்தெருவாக விடுவது, பள்ளிக்கூடத்தில் அனுமதி வாங்குவது, பெஞ்சு, குடிதண்ணீர், மத்தியானச் சாப்பாடு. கேட்க அற்பமாகத் தெரியும். ஆனால் இந்த ஏற்பாட்டில் கஷ்டமான வேலையே இதுதான்.

எப்படி என்றால், 1990களில் தமிழ்நாட்டுக் கிராமங்களில் ஓர் ஆய்வு செய்தார்கள். முகாம் நடக்கிற இடங்களிலேயே, கண்ணில் கோளாறு இருப்பவர்களில் நூற்றுக்கு 7 பேர்கூட முகாமுக்கு வரவில்லை என்று தெரிந்தது. இலவசம், கூட்டிப்போய்க் கூட்டிவர பஸ், சாப்பாடும் உண்டு என்றாலும் வரவில்லை. பயம், வீட்டில் பேரப்பிள்ளையைப் பார்க்க ஆள் இல்லை, கூட வர ஆள் இல்லை, வயசான காலத்தில் எதற்கு என்கிற எண்ணம். என் மாமியாரிடம் இந்த நான்கும் இருந்தன.

அத்தைதான் என் கடையில் ஹெம்மிங்கும் ஹூக்கும் பார்ப்பார். ஜாக்கெட்டுக்கு ஹூக் தைப்பதில் அவர் கை நயம் வேறு யாருக்கும் வராது. நூல் வெளியே தெரியாது, இழுத்தாலும் வராது. ஒரு கட்டத்தில் ஹூக்கும் வளையமும் நேருக்கு நேர் வராமல் மேலும் கீழுமாக விழ ஆரம்பித்தது. ஊசியில் நூல் கோக்கப் பள்ளிக்கூடம் விட்டுப் போகிற பிள்ளைகளைக் கூப்பிடுவார். கேட்டால், "வெளிச்சம் பத்தல தாயி, பல்ப மாத்து" என்பார். பல்பை மாற்றினேன். அப்புறம் ஒரு நாள் கறுப்புத் துணிக்கு நீல நூலில் ஹெம்மிங் போட்டுக் கொடுத்துவிட்டார். முகாமுக்குப் போகலாம் என்றால், "கண்ண வெளிய எடுத்து வச்சுத்தான் ஆப்ரேசன் பண்ணுவானாம்ல, திரும்ப வைக்கும்போது மாத்தி வச்சுட்டா?" என்று கேட்டார். இதை எங்கள் தெருவில் யாரோ சொல்லியிருக்கிறார்கள், நம்பவும் செய்கிறார்கள்.

அவரை வரவைத்தது நோட்டீஸும் இல்லை, நானும் இல்லை. சங்கத்தில் உறுப்பினராக இல்லாத ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர். முகாமுக்கு முந்தின வாரம் சங்கச் செயலாளர் அவரிடம்தான் சைக்கிளையும் ஒரு நோட்டையும் கொடுத்து அனுப்புகிறார். முப்பது வருஷம் பென்ஷன் பணத்தைக் கையில் எண்ணிக் கொடுத்த மனுஷர், எந்த வீட்டில் எந்தக் கிழவிக்குக் கையெழுத்துப் போட வரவில்லை, யார் ரூபாய் நோட்டைக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்தார்கள் என்று அவருக்குத் தெரியும். எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து தன் இடது கண்ணைக் காட்டி, "ஆச்சி, இது போன வருசம் பண்ணினது. எங்கயாவது தையல் தெரியுதா பாருங்க" என்றார். அத்தை எட்டிப் பார்த்துவிட்டு, "உங்க மூஞ்சியே தெரியல, தையல் எங்க தெரியும்?" என்றார். அவர் சிரித்துவிட்டு நோட்டில் பேர் எழுதிக்கொண்டார். சங்கத்தின் வேறு எந்தக் காரியத்தையும்விட இந்த ஆளைப் பிடித்து வைத்திருப்பதற்குத்தான் நான் மார்க் போடுவேன்.

முகாம் நாள் விவரம், போகப்போகிறவர்களுக்காக. எட்டரை மணிக்குள் போய்விடுங்கள். தலைக்குக் குளித்து, சாப்பிட்டு, சுகர், பிரஷர் மாத்திரை போடுகிறவர்கள் போட்டுக்கொண்டு, மாற்றுத்துணி ஒரு செட், ஆதார் ஜெராக்ஸ், வீட்டில் யாராவது ஒருவரின் போன் நம்பர். பதிவுச் சீட்டு வாங்கியதும் ஒவ்வொரு வகுப்பறையாக நகர்த்துகிறார்கள். ஓர் அறையில் சுவரில் எழுத்துப் படித்துக் காட்ட வேண்டும். இன்னொன்றில் கண் அழுத்தம் பார்க்கிறார்கள், அடுத்ததில் கண்ணீர்ப்பையில் அடைப்பு இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். பிரஷரும் சுகரும் வராந்தாவிலேயே. கடைசியில் டாக்டர். என்.எஸ்.எஸ். பையன்கள் ஆளுக்கொரு பெரியவரின் கையைப் பிடித்துக்கொண்டு அறை அறையாகக் கூட்டிப்போகிறார்கள். சீக்கிரம் முடியாது, ஆனால் எங்கேயும் குழப்பம் இல்லை. கூடம் முழுக்க இவ்வளவு வயசானவர்கள் இருந்தும் ஒரு சத்தம் போடல் கிடையாது, மைக்கில் செயலாளர் அண்ணாச்சி பேசுவதைத் தவிர.

ஆபரேஷனுக்குத் தேர்வானவர்களை அன்று மத்தியானமே பஸ்ஸில் மதுரைக்குக் கூட்டிப்போகிறார்கள். இந்த "இன்றைக்கே" என்பதில்தான் சூட்சுமம். நாளை வா, அடுத்த வாரம் வா என்றிருந்தால் அத்தை வீட்டுக்கு வந்து அந்தத் தெருக்காரி சொன்னதை மறுபடி யோசித்து நின்றுவிடுவார். சாம்பார் சாதம் கையில் இருக்கும்போதே பஸ் வந்து நின்றுவிட்டது. சுகர் அதிகமாக இருந்த ஓர் அம்மாவை மட்டும் குறைத்துக்கொண்டு அடுத்த மாதம் வரச் சொன்னார்கள். அவர் அழுதார். அவரோடு பேச ஒரு சங்கத்து உறுப்பினர் உட்கார்ந்தது எனக்குப் பிடித்திருந்தது. அந்த நேரத்தில் மற்றவர்கள் பஸ்ஸுக்குக் கொடியசைக்கிற படத்துக்கு நின்றுகொண்டிருந்தார்கள்.

ஆஸ்பத்திரியைப் பற்றி நான் புதிதாகச் சொல்ல ஒன்றும் இல்லை. அதை நிறுவியவர் எட்டயபுரம் பக்கம் வடமலாபுரத்தில் 1918இல் பிறந்த கோவிந்தப்ப வெங்கடசாமி, நம் கரிசல் காட்டுக்காரர்தான். மூட்டுவாதத்தில் விரல்கள் கோணிப்போன பிறகும் அந்தக் கையாலேயே கத்தி பிடிக்கப் பழகிய டாக்டர். அரசு வேலையில் இருந்து ஓய்வு பெற்று 1976இல் மதுரையில் 11 படுக்கையோடு ஆரம்பித்தார். கண்ணுக்குள் வைக்கிற லென்ஸ் வெளிநாட்டில் இருந்து மட்டுமே வந்த காலத்தில் அது ஏழைகளுக்கு எட்டாத விலை. 1992இல் ஆரோலேப் என்று சொந்தமாகத் தொழிற்சாலை ஆரம்பித்து லென்ஸை இங்கேயே செய்து விலையை உடைத்தார்கள். நம் கிராமத்துக் கிழவிக்கும் கண்ணுக்குள் லென்ஸ் என்பது அதனால்தான் நடக்கிறது. இலவசப் பகுதியில் பாயில்தான் படுக்கை. அத்தைக்கு அது குறையாகவே தெரியவில்லை. வீட்டில் கட்டில் வாங்கிப் போட்டும் பாயில்தான் படுப்பார்.

கறுப்புக் கண்ணாடியோடு அதே பஸ்ஸில் திரும்பி வந்தார். தூரத்துப் பார்வை பளிச்சென்று ஆகிவிட்டது. தெருமுனையில் வருவது யார் என்று எனக்கு முன்னால் சொல்லிவிடுகிறார், எனக்குத்தான் இப்போது அவமானம். ஆனால் ஊசியைக் கையில் எடுத்தால் ஒன்றும் தெரியவில்லை. "கண்ணு போச்சு, ஏமாத்திட்டாங்க" என்று ஒரே புலம்பல். உள்ளே வைக்கிற லென்ஸ் தூரத்துக்குச் சரியாக வைத்தது. கிட்டத்துக்கு ஒரு கண்ணாடி போட வேண்டும், அதைக் கண் ஆறிய பிறகு அளவெடுத்துத்தான் போட முடியும். ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள்; அத்தை காதில் அது ஏறவில்லை. ஒரு மாதம் கழித்து அதே பள்ளிக்கூடத்தில் மறுபரிசோதனை. இங்கேதான் சங்கம் மறுபடி வேலை செய்தது. பட்டியலை வைத்துக்கொண்டு ஒவ்வொரு வீட்டுக்கும் போன் போட்டார்கள். எடுக்காதவர்கள் வீட்டுக்குத் தபால்காரர் போனார். வர மாட்டேன் என்ற இரண்டு பேரை ஆட்டோவில் கூட்டிவந்தார்கள். அன்றைக்குக் கோட்டும் இல்லை, ஃப்ளெக்ஸும் இல்லை, போட்டோகிராபரும் வரவில்லை. அளவெடுத்து, கண்ணாடிச் சட்டம் பொறுக்கி, லென்ஸைத் தேய்த்துப் பொருத்தி அங்கேயே கையில் கொடுத்துவிட்டார்கள். இதற்குக் காசு உண்டு, வெளியே கடையில் ஆவதைவிடக் குறைவுதான். வீட்டுக்கு வந்த சாயங்காலமே அத்தை என் பழைய ஜாக்கெட்டில் இருந்த ஹூக்கை எல்லாம் பிரித்துத் திரும்பத் தைத்தார், யாரும் கேட்காமலே.

சரி, கண் முகாமோடு நிறுத்திக்கொண்டால் இவர்களுக்குக் கோயில் கட்டலாம். தலைவர் யாராக வந்தாலும் வரவேற்புரையில் ஹெலன் கெல்லர் வந்துவிடுவார்: 1925இல் அமெரிக்காவில் ஒஹையோ மாகாணத்தில் லயன்ஸ் மாநாட்டுக்கு வந்து, பார்வையற்றவர்களுக்காகப் போராடுகிற வீரர்களாக இருங்கள் என்று கேட்டுக்கொண்டார், அன்றிலிருந்து கண் எங்கள் பொறுப்பு என்பார்கள். நூறு வருஷமாக ஒரே வேலையைப் பிடித்துக்கொண்டதால்தான் அதில் தேர்ந்திருக்கிறார்கள். மற்றதெல்லாம் வருஷத்துக்கு ஒரு தலைவர், தலைவருக்கு ஒரு ஆசை.

தையல் மெஷின் கதைக்கு வருகிறேன், இது என் தொழில், கொஞ்சம் நீளமாகவே சொல்வேன். பணியேற்பு விழாவில் ஏழைப் பெண்களுக்குத் தையல் மெஷின் கொடுப்பது எல்லா ஊரிலும் நடக்கிறது. மேடையில் மெஷின் பளபளவென்று நிற்கும், ரிப்பன் கட்டியிருக்கும். விழா முடிந்து சில மாதத்தில் அதே மெஷின் என் கடைக்கு வரும், விலைக்கு எடுத்துக்கொள்கிறீர்களா அக்கா என்று. பார்த்தால் அடி நூல் வைக்கிற பாபின் கேஸ் இருக்காது, அல்லது இருந்தும் அந்த ஷட்டிலில் உட்காராது. பெல்ட் தொளதொளவென்று தொங்கும். எண்ணெய் ஒரு சொட்டுக்கூட விடாமல் ஓட்டி இறுகிப்போயிருக்கும். பெண்கள் மேல் தப்பில்லை. வெட்டத் தெரியாதவருக்கு மெஷின் எதற்கு? ஜாக்கெட் வெட்டுவதற்குக் கை பழக ஒரு வருஷமாவது ஆகும். தெரிந்தவருக்கோ அந்த விழாவில் கொடுக்கிற மாடல் ஆகாது. கடை வேலைக்கு மோட்டார் வேண்டும், நைட்டி, சுடிதார் ஓரத்துக்கு ஓவர்லாக் மெஷின் வேண்டும்.

ஒரு தடவை செயலாளர் அண்ணாச்சியிடம் நேரில் சொன்னேன். ஐந்து மெஷினுக்குப் பதில் ஒரு பெண்ணை ஒரு வருஷம் என் கடையில் உட்கார வையுங்கள், அவளுக்கு மாதம் பஸ் காசும் மத்தியானச் சாப்பாட்டுக் காசும் கொடுங்கள், கற்றுக்கொண்டதும் எந்த மெஷின் வேண்டும் என்று அவளையே கேளுங்கள். அண்ணாச்சி ரொம்ப நேர்மையாகப் பதில் சொன்னார்: "நீங்க சொல்றது சரிதாம்மா. ஆனா ஒரு வருசம்னா என் தலைவரு மாறிடுவாரு. அடுத்தவரு அத ஏன் தொடரணும்?" லயன்ஸ் வருஷம் ஜூலை 1இல் ஆரம்பித்து ஜூன் 30இல் முடிகிறது. தலைவர், செயலாளர், பொருளாளர் எல்லாம் அந்தப் பன்னிரண்டு மாதத்துக்குத்தான். எங்கள் அண்ணாச்சியை மட்டும் வேறு ஆள் கிடைக்காமல் திரும்பத் திரும்பப் போடுகிறார்கள். ஒவ்வொருவரும் தன் வருஷத்தில் தன் பேர் பொறித்த ஒன்றை வைத்துவிட்டுப் போக வேண்டும் என்று நினைக்கிறார்கள். பஸ் ஸ்டாண்டு சாலையில் கன்றை விடக் கம்பி வேலியும், கம்பி வேலியை விடப் பேர்ப்பலகையும் பெரிதாக நிற்பதற்கு இதுதான் காரணம். உள்ளே இருந்த வேப்பங்கன்று எப்போதோ காய்ந்துவிட்டது.

இந்த ஜூன் 30இல் நானும் மாட்டினேன். அரசாங்கம் 2021 டிசம்பரில் மீண்டும் மஞ்சப்பை என்று ஆரம்பித்த பிறகு, மஞ்சள் துணிப்பை கொடுப்பது எல்லாச் சங்கத்துக்கும் பிடித்துப்போனது. எங்கள் சங்கமும் எனக்கு ஆர்டர் கொடுத்தது. காடாத் துணி எடுத்து, காதுப் பட்டையில் குறுக்குத் தையல் போட்டு, ஐந்து கிலோ அரிசி தாங்குகிற மாதிரி தைத்துக் கொடுத்தேன். பாதிப் பணம் முன்னால் வந்தது. மீதி கேட்கப் போனபோது ஜூலை பிறந்துவிட்டது. புதுப் பொருளாளர், அது போன வருஷக் கணக்கு என்றார். பழைய பொருளாளர், பொறுப்பை ஒப்படைத்துவிட்டேன் என்றார். இருவரும் என்னை டீ குடிக்கச் சொன்னார்கள். தீபாவளி தாண்டித்தான் பணம் வந்தது, அதுவும் அண்ணாச்சி தன் பெயின்ட் கடைக் கல்லாவில் இருந்து எடுத்துக் கொடுத்துவிட்டு சங்கத்தில் வாங்கிக்கொண்டார். ஊரில் சின்னத் தொழில் செய்கிறவர்கள் சங்கத்துக்கு வேலை செய்தால் மே மாதத்துக்குள் முழுக் காசையும் வாங்கிவிடுங்கள்.

பணத்தைப் பற்றி இன்னொன்று, ஊரில் வாய்க்கு வந்தபடி பேசுகிறார்களே என்பதற்காக. வசூல் செய்த காசில் ஹோட்டலில் சாப்பிடுகிறார்கள் என்பார்கள். லயன்ஸ் விதிப்படி இரண்டு கணக்கு வைத்துக்கொள்ள வேண்டும். உறுப்பினர் சந்தா போகிற நிர்வாகக் கணக்கு ஒன்று, கூட்டமும் சாப்பாடும் அதில். பொதுஜனத்திடம் வாங்குவது சேவைக் கணக்கு, அதை நிர்வாகச் செலவுக்குத் தொடக்கூடாது. நீங்கள் நன்கொடை கொடுத்தால் எந்தக் கணக்கு என்று கேட்டு ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். நான் கேட்டேன், காட்டினார்கள்.

ரத்த தானத்துக்குப் பாஸ் மார்க். முன்பெல்லாம் ஆகஸ்ட் 15 அன்று பெரிய பந்தல் போட்டு ஒரே நாளில் எடுப்பார்கள். அன்றைக்கு மாவட்டம் முழுக்க எல்லாரும் அதையேதான் செய்கிறார்கள். ரத்தமோ அரிசி மாதிரி மூட்டை கட்டி வைக்கிற பொருள் இல்லை. ஐந்தாறு வாரத்துக்கு மேல் தாங்காது. அப்புறம் செப்டம்பர் கடைசியில் பிரசவத்துக்கு ஓ நெகட்டிவ் வேண்டும் என்றால் ஆளைத் தேட வேண்டும். அரசு ஆஸ்பத்திரி ரத்த வங்கியில் யாரோ எடுத்துச் சொல்லியிருக்கிறார்கள் போல, இப்போது பிரிவு வாரியாகப் பேர் எழுதிய பட்டியலை வாட்ஸ்அப்பில் வைத்துக்கொண்டு தேவைப்படும்போது கூப்பிடுகிறார்கள். ஆணுக்கு மூன்று மாதம், பெண்ணுக்கு நான்கு மாதம் இடைவெளி விட்டுத்தான் கூப்பிடுவார்கள். என்னையும் கூப்பிட்டார்கள். ஹீமோகுளோபின் 12.5 இருக்க வேண்டும், எனக்கு அது இல்லை என்று திருப்பி அனுப்பி, முருங்கைக்கீரையும் இரும்புச்சத்து மாத்திரையும் சாப்பிடச் சொன்னார் அங்கிருந்த சிஸ்டர். பக்கத்திலேயே கொடுத்துவிட்டு வந்தவர்களுக்குப் பிஸ்கட்டும் ஜூஸும் கொடுத்துக்கொண்டிருந்தார்கள், எனக்கும் ஒன்று கிடைத்தது.

கண் முகாமுக்கு ஐந்துக்கு ஐந்து. மறுபரிசோதனைக்கும் அதே. ரத்தப் பட்டியலுக்கு மூன்றரை. மஞ்சப்பை, நானே தைத்ததால் மார்க் போடவில்லை, பணம் கொடுத்த விதத்துக்கு ஒன்று. தையல் மெஷினுக்கும் வேப்பங்கன்றுக்கும் முட்டை.

அத்தைக்கு அடுத்த கண் பாக்கி இருக்கிறது. பொங்கல் வேலை முடிந்து தை மாத முகாமுக்கு வருகிறேன் என்று தபால்காரர் நோட்டில் அவரே பேர் எழுதச் சொல்லிவிட்டார். அண்ணாச்சி இதைப் படித்தால் ஒரே ஒரு வேண்டுகோள்: ஆபரேஷன் முடிந்து கிட்டத்துக்குக் கண்ணாடி போட வேண்டும், அதற்குக் காசு கொண்டுவர வேண்டும் என்பதை அடுத்த நோட்டீஸில் பெரிய எழுத்தில் போடுங்கள். ஆளுநர் படத்தைக் கொஞ்சம் சுருக்கினால் இடம் கிடைக்கும்.